பேக்கரிக்காரர் வீட்டுக் கேப்பை

2014

மார்ச் 5, புதன்

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். சாம்பல் புதன். கோயில்ல நெத்தியில சாம்பல் வாங்கிக்கினு நேரா வீடு. சேலைகூட மாத்தல. சமையல்கட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சேன்.

வெளியே போனது: மைதா, சக்கரை, டால்டா, பாக்கெட் பாமாயில், ரஸ்க் டின், ஜெனியோட சாஸ் பாட்டில், பிஸ்கட் அத்தனையும். பளபளன்னு பட்டை தீட்டின அரிசி ஒரு மூட்டை. அரிசியைத் தூக்கிப் போட மனசு வரல. பக்கத்து வீட்டம்மாவுக்கு. "இது உடம்புக்கு ஆகாதுன்னுதான் குடுக்கறேன்"னு நேராவே சொன்னேன். "நீ குடு பிலோமி, எங்களுக்கு ஆவும்"னு வாங்கிக்கினாங்க.

உள்ளே வந்தது: கேப்பை, கம்பு, சாமை, கைக்குத்தல் அரிசி, மொச்சை, செக்குல ஆட்டின மல்லாட்டை எண்ணெய், அதான் வேர்க்கடலை. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கு. இத்தனை வருஷம் ஆடு தின்னுச்சு.

இவர் கட்டில்ல காலை நீட்டிக்கினு பாத்துக்கினே இருந்தார். இடது கால்ல ரெண்டாவது விரல் இருந்த இடத்துல கட்டு. செருப்பு கடிச்ச புண்ணு, அவ்ளோதான். ஆறவே இல்லை. போன மாசம் விழுப்புரத்துல விரலை எடுத்துட்டாங்க. இவருக்கு சக்கரை இருக்கிறதே அந்த ஆஸ்பத்திரிலதான் தெரிஞ்சுது.

"மைதாவைத் தூக்கிப் போடறியே. அதான் நமக்கு சோறு போட்டது."

"சோறு போட்டுது. விரலை எடுத்துக்கிச்சு."

கட்டு போட்ட காலை மடக்கிக்கினார்.

அவர் சொல்றதும் பொய் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேக்கரி. மூத்தார் லூர்து கடை பாக்கறார். இவர் அடுப்பு. சாயந்திரம் கல்லாவுல நான். பன்னு, பிரெட்டு, கேக்கு. மிச்சம் ஆனது வீட்டுக்கு. காலை பிரெட்டு, சாயந்திரம் பப்ஸ், ராத்திரி ஜாம் பன்னு. இவர் கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து அப்படித்தான்.

புள்ளைங்க அருளும் ஜெனியும் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சொல்லிட்டேன். ஒரே அடுப்பு. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அப்பாவுக்கு மட்டும் தனித்தட்டு வெச்சா அது தண்டனை. எல்லாரும் தின்னா அது சாப்பாடு.

ஜெனி அழுகை. அருள் புத்தகத்தோட போய் ஒக்காந்துட்டான். பிளஸ் டூ பரீட்சை. அவன் உலகமே வேற.

மார்ச் 7, வெள்ளி

களி. எங்கம்மா வீட்ல, திருவக்கரை பக்கம், கிண்டிப் பாத்திருக்கேன். நான் கிண்டினது இல்லை. கட்டி கட்டியா வந்துச்சு. கை காய்ச்சுப் போச்சு. கருவாட்டுக் குழம்பு மட்டும் நல்லா அமைஞ்சுது. மரக்காணத்து நெத்திலி.

ஜெனி: "மண்ணைத் திங்கற மாதிரி இருக்குது."

அருள்: "நீ எப்ப மண்ணு தின்ன?"

இவர் சிரிச்சார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இப்பதான்.

அந்த நேரம் பாத்து மூத்தார். கையில பொட்டலம். தம்பிக்குப் பால் பன்னு. தட்டைப் பாத்தார். மொகம் கறுத்துப் போச்சு.

"இன்னா இது?"

"களி மாமா. ஒக்காருங்க, சாப்பிடலாம்."

"பரீட்சைக்குப் போற புள்ளைக்குக் களியா? நோயாளிக்குக் களியா? ஏம்மா, இந்தக் குடும்பத்துக்கு இன்னா கொறச்சல்?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே பேசிக்கினு போனார். அப்பா செத்தப்புறம் அவரும் தம்பியும் அடுத்தவன் வாசல்ல நின்னு கூழ் வாங்கிக் குடிச்சது. பாத்திரம் குடுக்க மாட்டாங்களாம். ரெண்டு கையையும் குவிச்சு வெச்சா எட்ட நின்னு ஊத்துவாங்களாம். சூடு தாங்காம தம்பி கையை விட்டுட்டான், கீழே கொட்டுனதுக்கு அடி. அதுக்கப்புறம்தான் சைக்கிள்ல பிரெட்டுக் கூடை கட்டிக்கினு ஊர் ஊரா.

"கூழ் குடிச்ச குடும்பம்னு ஊரு மறந்துபோச்சு. நீ ஞாபகப்படுத்துறியா?"

கேக்க கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வாய் நிக்கல.

"கேப்பையா மாமா உங்களை அசிங்கப்படுத்துச்சு? ஊத்துனவங்கதானே பண்ணாங்க."

பன்னுப் பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பிக் குடுத்தேன். எங்க வீட்ல அவருக்கு யாரும் அப்படிச் செஞ்சது இல்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பாத்தார். தம்பி தலையைக் குனிஞ்சிக்கினு களியை உருட்டிக்கினு இருந்தார்.

மார்ச் 12, புதன்

சக்கரை ஏறியிருக்கு. குறையல. ஏறியிருக்கு!

ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சேன். டாக்டரம்மா கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். காலையில கூழ், பதினோரு மணிக்குக் கூழ், சாயந்திரம் கூழ். கேப்பைதானேன்னு சொம்பு சொம்பா.

அவங்க திட்டல. "கேப்பைன்னா அளவு வேணாம்னு யார் சொன்னது? கரைச்சுக் குடிச்சா சீக்கிரம் ஏறிடும். அடையா தட்டுங்க. கீரையை அள்ளிப் போடுங்க. கூட மொச்சை, மீன், முட்டை. களின்னா கைப்பிடி உருண்டை ஒண்ணு. மாத்திரையை நிறுத்தினா என்கிட்ட வராதீங்க."

மாத்திரையை நிறுத்தல. அந்த அளவுக்குக் கிறுக்கு பிடிக்கல எனக்கு.

விஷயம் கடைக்குப் போயிடுச்சு. இவருக்குப் பதிலா அடுப்பு பாக்கற மாஸ்டர்கிட்ட மூத்தார் சத்தமா: "நம்ம பன்னு தின்னப்போ கூட இவ்ளோ ஏறல!" என் காதுல விழணும்னுதான் சொன்னது. விழுந்துச்சு.

சரி. தப்பு கூழ்ல. என் முடிவுல இல்லை. முருங்கைக்கீரை அடை, இன்னையிலேர்ந்து.

அருளுக்கு இங்கிலீஷ் ரெண்டாவது பேப்பர் சுமாராம்.

மார்ச் 16, ஞாயிறு

கடையில சண்டை. எழுதினாத்தான் ஆறும்.

சாயந்திரம் நல்ல கூட்டம். ஒரு பெரியவர், கால்ல கட்டு, கையில கோலு. அதே இடது காலு. கிரீம் பன்னைக் காட்டி ரெண்டு குடும்மான்னார். என் கை எடுக்கல.

"அண்ணே, சக்கரையா?"

"ஆமாம்மா. ஆசைக்குத்தான்."

"வேணாம்ணே. எங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் விரல் போச்சு."

மனுஷன் சிரிப்பாருன்னு நெனச்சேன். கோலைத் தட்டிக்கினு கத்த ஆரம்பிச்சுட்டார். "காசு குடுத்து வாங்கறவனுக்கு நீ இன்னா டாக்டரா? ஊரு முன்னால எனக்கு சக்கரைன்னு தண்டோரா போடறியா?"

மூத்தார் உள்ளேர்ந்து ஓடி வந்தார். பெரியவர் கையைப் பிடிச்சு சமாதானம். பன்னு காசு வாங்காம குடுத்து அனுப்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். மெதுவா. அதுதான் பயம். கத்தினா பரவாயில்லை.

"பிலோமி. நீ இனிமே கல்லாவுல ஒக்கார வேணாம்."

"நான் பொய் சொல்லலியே மாமா."

"உண்மையா இருந்தா மட்டும் போதுமா? வீட்டுக்குப் போம்மா."

எழுந்து வந்துட்டேன். எல்லாரும் பாத்தாங்க. பாக்கட்டும்.

வழி முழுக்க யோசிச்சேன். அந்தக் கல்லாவுல ஒக்காரணும்னா வாயைக் கட்டணும். கட்ட முடியாது. அப்ப ஒக்காராததுதான் சரி. ஆனா சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்ல சும்மா இருக்கறது என்னவோ மாதிரி. பிரெட்டு வாசனை இல்லாத சாயந்திரம்.

இவர் கேட்டார்: "அண்ணன் திட்டினாரா?"

"இல்லை. அனுப்பிட்டார்."

"நான் பேசட்டா?"

"நீங்க அடையைத் தின்னுங்க. அது போதும்."

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிஞ்சுது. அருள் சட்டையெல்லாம் இங்க். பசங்க ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சுக்கினாங்களாம்.

தினமும் டிபன் பாக்ஸைப் பாத்துக் கிண்டல் பண்ணியிருக்கானுங்க. "பேக்கரி ஓனர் புள்ள, கூழு டப்பா"ன்னு பேரே வெச்சுட்டானுங்களாம். இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்குத்தான் சொல்றான், அதுவும் சிரிச்சிக்கினு.

"கஷ்டமா இல்லியாடா?"

"மொத ரெண்டு நாளு இருந்துச்சு. அப்புறம் டப்பாவை நடுவுல வெச்சு தொறந்து வெச்சுட்டேன். தின்றவன் தின்னு, சிரிக்கறவன் சிரின்னு. சாமைப் புளிசோறு எனக்கே மிஞ்சலம்மா."

என் புள்ளைதான்.

ஜெனி வேற மாதிரி. ஃப்ரெண்டு வீட்ல நூடுல்ஸ் தின்னுட்டு வர்றா. வாயை மோந்து பாத்தேன். "போலீஸா நீ?"ன்னு கேட்டா. அடுத்தவங்க வீட்ல தின்னதுக்கு நான் பொறுப்பு இல்லை. எங்க வீட்ல கிடையாது, அவ்ளோதான்.

வல்லம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா சந்தைக்கு சாமை, வரகு கொண்டு வர்றாங்க. கல் இல்லாம புடைச்சு. வாங்கினது: சாமை, கொள்ளு, காட்டுக் கீரை ஒரு கட்டு. பேரு கேட்டேன், மறந்துட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சாயந்திரம் சிலுவைப்பாதை. வெக்கை தாங்கல. பாதியிலேயே தலை சுத்திச்சு. வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

கதவு சாத்தியிருந்துச்சு. தொறந்தேன்.

கட்டில் ஓரத்துல மூத்தார். மடியில பேப்பர், அதுல ஜாம் பன்னு. பிச்சுப் பிச்சு இவர் வாயில ஊட்டிக்கினு இருந்தார். தாடையில ஒட்டுன ஜாமைத் தன் வேட்டி நுனியால தொடச்சு விட்டார். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. அப்படியே நின்னுபோச்சு எல்லாம்.

இன்னைக்கு மட்டும் இல்லையாம். ஒவ்வொரு வெள்ளியும், நான் கோயிலுக்குப் போற நேரம். கேக்காமலே இவரே சொல்லிட்டார்.

"ஏங்கிப் போறாம்மா என் தம்பி. நீ அவன் கண்ணைப் பாத்தியா?"ன்னு மூத்தார். அவர் குரலே ஒடைஞ்சிருந்துச்சு. பொய்யில்ல அது. அந்த மனுஷன் தன் தம்பிக்கு அப்பன் மாதிரி. அன்பை அவர் பன்னுலதான் குடுக்கக் கத்துக்கினார்.

அதுக்காக?

கத்தல நான். மிச்சப் பன்னை எடுத்து ஆட்டுக்குப் போட்டேன். வந்து இவர்கிட்ட: "உங்க காலு, உங்க இஷ்டம். என் அடுப்புல மட்டும் இது ஏறாது. நான் செத்தாலும் ஏறாது."

இதை எழுதும்போது வர்றது கோவமா அழுகையான்னு தெரியல.

ஏப்ரல் 9, புதன்

விழுப்புரம் ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சுல ஒக்காந்து எழுதறேன்.

திங்கக்கிழமை கட்டு மாத்தும்போதே வாடை. பழைய தையல் ஓரமா திறந்துக்கிச்சு, பக்கத்து விரலும் கறுப்பு. வேன் புடிச்சு ஜல்தியா இங்க. விக்கிரவாண்டி டோல்கேட்ல லாரி வரிசை. இவர் கண்ணை மூடிக்கினே வந்தார். கீறி சுத்தம் பண்ணியிருக்காங்க. இந்த விரலைக் காப்பாத்திடலாம்னு நம்பிக்கை சொல்றாங்க. "சாப்பாட்டுல ஒழுங்கா இருந்தாத்தான்"னு சேத்து சொல்றாங்க.

மூத்தார் வெளியில வேப்பமரத்தடியில நிக்கறார். உள்ளே வரல. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினார். சக்கரை இல்லாம.

மூத்தார் சம்சாரம் ரெஜினா அக்கா பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. கொஞ்ச நேரம் ஜெபமாலை உருட்டினாங்க. அப்புறம்:

"பிலோமி, உங்க மாமாவுக்கும் இருக்குது."

"இன்னாக்கா?"

"சக்கரை. ரெண்டு வருஷமா. மாத்திரை கெடையாது, ஒண்ணும் கெடையாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினார்."

ஷெர்லிக்காகவாம். அவங்க பொண்ணு. மாப்பிள்ளை இதே விழுப்புரத்துல ரயில்வேல வேலை பாக்கற பையன். ஈஸ்டர் கழிச்சு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். அண்ணனுக்கும் சக்கரை, தம்பிக்கும் சக்கரை, விரலே போச்சுன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்னு கைவிட்டுடுவாங்கன்னு பயம். இவர் விரல் போனதைக்கூட மாப்பிள்ளை வீட்ல வண்டியில விழுந்துட்டான்னுதான் சொல்லியிருக்கார்.

இப்பதான் எல்லாம் புரியுது. கேப்பை மேல இல்லை கோவம். கூழு ஞாபகம் பாதி. மீதி இது. நான் களி கிண்டற சத்தமே அவருக்கு ஊருக்குச் சொல்ற மாதிரி.

ஷெர்லி என் மடியில வளந்த பொண்ணு. என்னால ஒரு கல்யாணம் நிக்கணுமா? ஒண்ணும் ஓடல.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வீட்டுக்கு வந்துட்டோம். விரல் தப்பிச்சுது.

இவரே ஆரம்பிச்சார். "இனிமே நீ போடறதுதான். உனக்காக இல்ல. அந்த வாடை. என் உடம்பே அழுகற வாடை. பன்னைப் பாத்தா அதான் ஞாபகம் வருது."

எனக்காக இல்லைன்னாலும் சரி.

மத்தியானம் ரெஜினா அக்கா மூலமா மூத்தார் சொல்லி அனுப்பினது: நிச்சயதார்த்தத்துக்கு எல்லாரும் வரணும். தம்பி ஷூ போட்டுக்கினு பின் வரிசையில ஒக்காரணும். பந்தியில எல்லாரையும் போல சாப்பிடணும். கேரியர் கீரியர் எடுத்துக்கினு வரக்கூடாது.

ஷூவா! புண்ணு இன்னும் மூடல.

"நான் யோசிச்சு சொல்றேங்கா"ன்னேன். அக்கா மொகம் வாடிப்போச்சு. அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மொத தடவையா வீட்ல கேக்கு இல்லாத ஈஸ்டர். நாட்டுக்கோழிக் குழம்பு, கம்பு அடை, நுங்கு. ஜெனி மொகத்தைத் தூக்கி வெச்சுக்கினு இருந்தா, கோழிக்காலைக் கண்டதும் எறக்கிட்டா.

இவர் கோயில் வரைக்கும் நடந்தே வந்தார். மெதுவா, என் தோள்ல கைவெச்சு. சக்கரை குறைஞ்சிருக்கு. நல்லாவே.

மூத்தார் பூசையில முன் வரிசை. திரும்பல.

ஏப்ரல் 24, வியாழன்

ஓட்டு போட்டாச்சு. பள்ளிக்கூடத்துல வரிசை, வெயில், ஒரு பந்தல்கூட கிடையாது. நிம்மதி, இனிமே மைக் செட்டு வண்டி வராது.

சாயந்திரம் ஷெர்லி வந்தா. விரல்ல புது மை. மொத ஓட்டு அவளுக்கு. ஒக்காரக்கூட இல்லை.

"சித்தி, ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லக்கூடாது. அப்பாவுக்கும் சக்கரையா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கினேன்.

"ராத்திரி நாலு தடவை எழுந்து போறார். தண்ணி தண்ணியா குடிக்கறார். நான் இன்னா குழந்தையா?"

"உங்கம்மாவைக் கேளும்மா."

"அம்மா சத்தியம் பண்ணியிருக்காங்களாம். நீங்க பண்ணலியே?"

"பண்ணல."

"அப்ப சொல்லுங்க."

சொன்னேன். எதுக்காக மறைக்கறாருன்னும் சொன்னேன். அழுவான்னு பாத்தேன். கோவம்தான் வந்துச்சு அவளுக்கு. "என் கல்யாணத்துக்காக எங்கப்பா காலை இழக்கணுமா? யார் கேட்டது?" ஒரு அடையைச் சுட்டுக் குடுத்தேன். நின்னுக்கினே தின்னுட்டு, "ஞாயித்துக்கிழமை கேரியர் எடுத்துக்கினு வாங்க சித்தி"ன்னு போயிட்டா.

ஏப்ரல் 27, ஞாயிறு

விழுப்புரம் போய் வந்தாச்சு. உடம்பு அசதி. ஆனா எழுதாம தூக்கம் வராது.

மண்டபம் ஜோரா இருந்துச்சு. மூத்தார் தன் கையால செஞ்ச கேக்கு, அடுக்கடுக்கா, மேல சர்க்கரை ரோஜா. அழகுன்னா அழகு. அதுல எனக்குப் பொறாமை கிடையாது.

இவர் ஷூ போடல. அகலச் செருப்பு, வெள்ளைக் கட்டு, எல்லாருக்கும் தெரியற மாதிரி. பின் வரிசையும் இல்லை. பந்தியில நடுவுல ஒக்காந்தார். நான் கேரியரைத் தொறந்து இலையில வெச்சேன். கேப்பை அடை, மொச்சைக் கூட்டு, வறுத்த மீன். மூத்தார் தூரத்துலேர்ந்து பாத்தார். வேர்த்துக் கொட்டுது அவருக்கு.

மாப்பிள்ளையோட தாய்மாமன் எதிர் வரிசை. "இன்னா, தனிச்சாப்பாடா?"

மூத்தார் ஓடி வந்தார். "வயிறு சரியில்ல அவனுக்கு."

இவர் அடையைப் பிச்சுக்கினே: "வயிறு நல்லாத்தான் இருக்குதுண்ணா. சக்கரை எனக்கு."

"வண்டில விழுந்ததா இல்ல சொன்னீங்க?" தாய்மாமன் இலையிலேர்ந்து கையை எடுத்துட்டார். பேச்சு ஒவ்வொரு இலையா நின்னுக்கினே போச்சு.

ஷெர்லி மேடையிலேர்ந்து எறங்கி வந்தா. பட்டுச் சேலை, பூ, நேரா நடந்து வந்து தாய்மாமன் முன்னால நின்னா. மூத்தார் "உள்ள போ, உள்ள போ"ங்கறார். போகல.

"எங்கப்பாவுக்கும் சக்கரை இருக்குது. சித்தப்பாவுக்கு விரலே போயிடுச்சு. நாளைக்கு எனக்கும் வரலாம். வராம பாத்துக்கறதுக்கு சித்தி வீட்டுச் சாப்பாட்டைத்தான் நான் தின்னப்போறேன். எங்க போனாலும். தெரிஞ்சுக்கினே மோதிரம் போடுங்க."

ரெஜினா அக்கா வாயைப் பொத்திக்கினாங்க. நான் கேரியரை இறுக்கிப் புடிச்சுக்கினு இருந்தேன்.

தாய்மாமன் மாப்பிள்ளையை வெளியே கூட்டிக்கினு போனார். ரொம்ப நேரம் பேச்சு. உள்ளே ஒருத்தரும் சாப்பிடல. இவர் மட்டும்தான் அடையைத் தின்னுக்கினே இருந்தார். "ஆறிடும்"னார்.

மாப்பிள்ளையோட அம்மா எழுந்து மூத்தார் கிட்ட வந்தாங்க. சத்தம் போடல.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

மூத்தார் தலையைக் குனிஞ்சுக்கினார். "இல்லைங்க."

"மொதல்ல அதை ஆரம்பிங்க. வியாதி யாருக்குத்தான் இல்ல? மறைச்சதுதான் எனக்குக் கோவம். பொண்ணு சொல்லிட்டா. அதுக்குத்தான் நான் ஒத்துக்கறேன்."

மாப்பிள்ளை உள்ளே வந்தார். மொகம் சரியில்லைதான். ஆனா மோதிரம் போட்டார். தாய்மாமன் சாப்பிடாமலே கெளம்பிப் போயிட்டார். அது போகப் போக எப்படி ஆகும்னு தெரியல. அவர் இல்லாம அந்த வீட்ல ஒரு வேலை நடக்காதாம்.

கெளம்பற நேரம் மூத்தார் என் எதிர்ல வந்து நின்னார். "எல்லாம் உன்னாலதான்."

"ஆமா மாமா. என்னாலதான்."

அழுதிருக்கார். கண்ணு சிவந்திருந்துச்சு. நான் கண்ணை எடுக்கல. மன்னிப்பும் கேக்கல. கேக்க மாட்டேன்.

வேன்ல ஜெனி என் மடியில தலைவெச்சு: "ம்மா, கேக்கு சூப்பரா இருந்துச்சு. தின்னேன். திட்டாத."

திட்டல.

மே 2, வெள்ளி

மத்தியானம் கரண்ட் இல்லை. விசிறிக்கினே சமையல். களி, முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. புது மல்லாட்டை வந்திருக்கு, அதையும் கொஞ்சம் அவிச்சேன். இப்ப களி கட்டி தட்டறது இல்லை.

இவர் கடைக்குப் போக ஆரம்பிச்சிருக்கார், காலையில மட்டும். அண்ணன் தம்பி பேச்சு இருக்காம். என்னைப் பத்தி மட்டும் பேச்சு இல்லையாம்.

தட்டு வெக்கிற நேரம், வாசல்ல செருப்புச் சத்தம் ரெண்டா கேட்டுச்சு. இவர் பின்னால மூத்தார். கையில பொட்டலம் இல்லை. வாங்க மாமான்னேன். கை கழுவிக்கினு வந்து தரையில சம்மணம் போட்டு ஒக்காந்தார்.

இன்னொரு தட்டு. ஒரு கைப்பிடி உருண்டை, நடுவுல குழி, குழம்பு.

ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தார். அப்புறம் ஒரு விள்ளல் கிள்ளி, குழம்புல பொரட்டி, மெல்லாம அப்படியே முழுங்கினார். களியைச் சாப்பிடற விதம் அதுதான். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தொண்டை மறக்கல. கடைசி வரைக்கும் தின்னார். கீரையையும் வழிச்சுட்டார்.

எழுந்திரிக்கும்போது, என்னைப் பாக்காமலே: "காரம் ஜாஸ்தி. நாளைக்குக் கொறச்சுப் போடு."

நாளைக்கா!

கொறைக்க மாட்டேன்.